செயின்ட் ஜான்ஸ் தீவு, ஞாயிறு

மரீனா சவுத் துறையில் ஒன்பது மணிப் படகு.
சட்டையில் ஒட்டிய எண் பதினேழு.
சியூ லிங் சிவப்புக் குடையை உயர்த்தினால்
நிற்க வேண்டும்.

"இங்கேதான் கப்பல் கப்பலாக இறக்கினார்கள்.
துணிக்குப் புகை, உடம்புக்கு மருந்துத் தண்ணீர்,
அப்புறம் நாள் எண்ணுவது.
நினைத்துப் பார்க்க முடிகிறதா?"

யாரும் பதில் சொல்லவில்லை.
முன்னால் ஒருவர்
பூனையைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்.

பொங்கோல் விடுதி, நான்காம் மாடி, பன்னிரண்டு கட்டில்.
கதவடியில் வைத்துப்போன சோற்றுப் பொட்டலம்.
மேல்கட்டில் மாரிச்செல்வம் சுவரில் கிழித்த கோடுகள்
இருபத்தெட்டில் நின்றன:
பேனா தீர்ந்தது,
நாள் தீரவில்லை.

மூன்று மணிக்குத் திரும்பும் படகு.
தலை எண்ணினாள் சியூ லிங்,
பதினைந்து, பதினாறு.
என் முறை வந்ததும்
தொப்பியைக் கழற்றி
நெற்றியைக் காட்டினேன்.