அரைப்பேர்

நாலரைக்கு வந்தார்கள் மூன்று பேரும்.
நனைந்த கிட்டார் பையைத் தூக்கி
என் லெமினேட்டிங் மெஷின் மேல் வைத்தார்கள்,
சூடு பிடிக்கட்டுமென்று.
நான் அந்நேரம் ஒரு மரண அறிவித்தலுக்குத்
தாமரைப்பூ தேடிக்கொண்டிருந்தேன்.

அட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே மேல்மாடி.
டியூசன் வகுப்பு, பூப்புனித நீராட்டு, முப்பத்தோராம் நாள்:
என் மவுசுக்குத் தப்பிய முகம்
இந்த டவுனில் குறைவு.
இசைக்குழு என்று யாரும் வந்ததில்லை இதுவரை.

"ஆல்பத்துக்கு ஒரு சதுரம்,
சுவருக்கு ஒரு நீளம்" என்றான் புவிதரன்.
"கூடை வேண்டாம்" என்றாள் நிரோஷிகா.
"கொழுந்து வேண்டாம், பனிமூட்டம் வேண்டாம்,
சிரிக்கிற பொம்பள வேண்டவே வேண்டாம்."
கிங்ஸ்லி பேசவில்லை,
மேசை விளிம்பில் விரலால் தாளம் போட்டான்.
அவன் அக்கா ஸ்டெல்லா
பதினேழாம் நம்பர் மலையில்
சிரிக்காமல் நிறுவைக்கு நின்றிருப்பாள்.

வேண்டாததையெல்லாம் அழித்தேன்.
மிஞ்சியது வெள்ளை.
வெள்ளையில் குழுவின் பேரை வைத்தேன்:
அரைப்பேர்.
நிறை குறைந்த நாளுக்குச் செக்ரோலில் விழுமே, அது.

நான் பாமினியில் பழகியவள்.
எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால்
பேர் உடைந்து இங்கிலீஷாகக் கொட்டும்,
புள்ளி இருந்த இடமெல்லாம் அரைப்புள்ளி.
ப்-க்கு ஒன்று, ர்-க்கு ஒன்று.
இரவு பதினொன்று வரை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
இதைவிட நல்ல டிசைன்
எனக்கு வராது என்று தோன்றியது.
ஆனால் யார் வாசிப்பார்கள்?

யூனிகோடில் திருப்பி அடித்து,
பேரைப் போஸ்டரின் அடியில் பெரிதாய் இறக்கி,
பென்டிரைவில் போட்டுப்
பிரேமசிறியின் அச்சகத்துக்கு அனுப்பினேன்.
அவருக்குத் தமிழ் வாசிக்க வராது.
கோடு தெரியும்,
கோடு சொன்ன இடத்தில் வெட்டுவார்.
வெட்டுக்கோட்டை
எழுத்தின் இடுப்பில் விட்டவள் நான்.

இருநூறு போஸ்டர்.
இருநூறிலும் பேரின் மேல்பாதி மட்டும்.
ரகரத்துக்குக் காலில்லை, கொம்பு பாதி,
புள்ளிகள் இரண்டும் எப்படியோ தப்பியிருந்தன.
புவிதரன் ஒரு தாளைத் தூக்கி
வெளிச்சத்தில் பிடித்தான், மிச்சம்
பின்பக்கம் இருக்கும் என்பதுபோல.
மறுபடி அடிக்கக் காசில்லை.
"ஒட்டுவோம்" என்றான் கிங்ஸ்லி.
அன்று அவன் சொன்ன ஒரே வார்த்தை.

ஞாயிறு மூன்று மணி, நகரசபை மண்டபம்.
மூன்று மணி ஏனென்றால்
கடைசி பஸ் ஆறரைக்கு.

சனிக்கிழமை,
பஸ் நிலையப் பாசிச் சுவரில்
என் மரண அறிவித்தலும் என் போஸ்டரும்
ஒரே பசையில், தோளோடு தோள்.
தாமரை கொஞ்சம் சாயம் விட்டிருந்தது.
கையில் அரிசி உறையோடு
ஸ்டெல்லா நின்று வாசித்தாள்.

"பேரே அரைப்பேர்.
அதிலயும் பாதிய வெட்டிட்டீங்க.
எங்க கணக்கப்புள்ளகூட
இப்படி வெட்டமாட்டான் தங்கச்சி."

சொல்லிவிட்டு, குடையை மடக்கி,
கம்பி முனையால் போஸ்டருக்குக் கீழே
ஈரப் பாசியைச் சுரண்டினாள்.
ரகரத்துக்குக் கால். கொம்புக்கு வளைவு.
கோணலாய், பெரிதாய்,
அச்சு விட்ட இடத்திலிருந்து.
பச்சையில் சிமெந்து வெளுப்பாய்
கீழ்பாதி வந்து நின்றது.

போனை எடுத்தேன்.
அவள் முகம் வராமல்,
குடை வராமல்,
தாளும் சுவரும் மட்டும்.
சதுரமாய் ஒன்று.

"நாளைக்கு வருவீங்களா அக்கா?"

"நாளைக்குக் கைக்காசு மலை இருக்கு.
முடிஞ்சா
பாதிக்கு வாறேன்."