சாவிப்பலகை

நாளைக் காலை மாதிரித் தேர்வு.
ஆற்காடு ரோட்டு லாட்ஜில் இன்று என் இரவு முறை.
பதிவேட்டுக்கு அடியில் ஒளித்த நோட்டில்
கணினி அறிவியல் ஒரு மரமாகக் கிளை விரித்திருக்கிறது.
கிளைக்குப் பத்து வரி.
சொந்த உதாரணம் என்றால் மதிப்பெண் கூடும், என்றார் மேடம்.

முதுகுக்குப் பின்னால் சாவிப்பலகை. இருபத்து மூன்று கொக்கி.
நோயாளிகள் தங்கும் இடம்,
பதின்மூன்றாம் அறையை யார் எடுப்பார்கள் என்று
ஓனர் ஜெயசீலன் அந்த எண்ணையே போடவில்லை.
ஆகவே பதினாலின் சாவி பதின்மூன்றாம் கொக்கியில்.
பூஜ்யத்திலிருந்து எண்ணுகிற என் புத்தகத்துக்கு அது பன்னிரண்டு.
இப்படித்தான் தரவுக் கட்டமைப்பை ஆரம்பித்தேன்.
வாட்ச்மேன் முனிரத்தினம் அண்ணன் திரும்பிப் பாராமலே எடுப்பார்.
நான் இன்னும் முதல் கொக்கியிலிருந்து தேடுகிறவள்.
எங்கள் இருவருக்கும் நடுவில் இருப்பது அல்காரிதம்.

ஒன்பது மணிக்கு மாடியில் சத்தம்.
பொதுச் சமையலறை, ஒரே அடுப்பு, ஒரே குக்கர்.
அசாம்காரம்மா குக்கரை விடவில்லை,
தன்பாத்காரம்மா அடுப்பை விடவில்லை,
இருவர் அரிசியும் ஊறிக்கொண்டிருந்தது.
நான் போய் ஆளுக்கு இருபது நிமிடம் பிரித்துக் கொடுத்தேன்:
இயக்க முறைமை.
மூன்றாவதாக ஒரு பெண், எதையும் உரக்கக் கேட்காதவள்,
பத்தரை வரை பாத்திரத்தோடு நின்றதைப் பிறகுதான் கவனித்தேன்.
புத்தகத்திலும் அதற்குப் பெயர் பட்டினிதான்.

வலையமைப்புக்கு இரண்டே வரி:
இரண்டாம் மாடியில் குழந்தையின் வாய் முதலில் வருகிறது,
குரல் பின்னால் வருகிறது, நெற்றி வரவே இல்லை.

செயற்கை நுண்ணறிவு:
படியேறும் செருப்புச் சத்தத்திலேயே
ரிப்போர்ட் எப்படி என்று சொல்லிவிடுவார் அண்ணன்.
பதினைந்து வருடத் தரவு.
தப்பும் ஆகும். எப்படித் தெரிந்தது என்றால் அவருக்கே சொல்லத் தெரியாது.

தரவுத்தளத்துக்கு வந்தபோது
பதினாறாம் அறை தபன் மண்டல் வந்து நின்றார், கையில் கவர்.
அவர் மனைவி சுபத்ரா மண்டல்.
எதிர் லாட்ஜில் இன்னொரு சுபத்ரா மண்டல், அதே மாவட்டம்,
ஒருமுறை மருந்துச்சீட்டு மாறிப் போயிருக்கிறது.
பெயர் சாவி ஆகாது என்று அடிக்கோடிட்டுவிட்டு
ஆஸ்பத்திரி எண்ணை முதலில் சரிபார்த்தேன்.
இவருடையதுதான்.

ரிப்போர்ட் ஆங்கிலம். நான் தமிழில் யோசித்து,
பேரணாம்பட்டு வீட்டு உருதுவில் சொல்ல,
அவர் இந்தியாக வாங்கி வங்காளத்தில் புரிந்துகொள்ள வேண்டும்.
கம்பைலர் பாடம் எனக்குக் கஷ்டமாக இருந்ததில்லை.
ஆனால் எந்தப் படியில் எது உதிர்ந்தது என்று
பிழைச்செய்தி காட்ட இங்கே ஆளில்லை.

மூன்று வாரம் கழித்து மறுபடி பார்க்கவேண்டும், என்றது ரிப்போர்ட்.
பத்து நாளைக்கென்று வந்தவர். இன்று நாற்பத்து மூன்று.
"இன்னும் எத்தனை நாள், பேட்டி?"

மரத்தின் கடைசிக் கிளையில் இருக்கிறது:
ஒரு நிரல் நின்றுவிடுமா, ஓடிக்கொண்டே இருக்குமா என்று
எல்லா நிரலுக்கும் முன்கூட்டிச் சொல்லும் ஒரே வழி
கிடையாது.
யாருக்கும் தெரியாது என்பது வேறு,
இருக்கவே முடியாது என்று நிரூபித்து வைத்திருப்பது வேறு.
போன வாரம் அதைப் படித்தபோது அழகாக இருந்தது.

பதிவேட்டில் பதினாறுக்கு நேரே
நாளைய தேதியை மட்டும் எழுதினேன்.
அவர் பார்த்தார். சரி என்பதுபோல் தலையாட்டிவிட்டு
கவரை என் மேசை டிராயரில் வைக்கச் சொன்னார்.

குறியாக்கம் மட்டும் படித்து முடிக்கவில்லை.
ஐந்தரைக்கு, டோக்கன் வரிசைக்குக் கிளம்பிவந்த சுபத்ரா அம்மா
கவுண்டரில் சாய்ந்து கேட்டார்:
ராத்திரி அவரிடம் அவ்வளவு நேரம் என்ன சொன்னாய்?

வெந்நீர் ஆறு மணிக்கு வரும் என்றேன்.