இருபத்திமூன்றாவது நிமிடம்

நவம்பர் கடைசியில்
ட்ரோம்சோவில் சூரியன் எழுவதை நிறுத்திக்கொள்ளும்.
என் மேசையில் ஒரு வட்ட விளக்கு.
அதைப் போட்டால் காலை.
அதன் நடுவே கேமராவின் கண்.
காலி அறையில் அதைப் பார்த்து
"எல்லோருக்கும் வணக்கம்" என்கிறேன்,
காபி ஆற ஆற.

நிகழ்தகவு, இரண்டாம் பருவம்.
வாரம் ஒரு விரிவுரை, நாற்பது நிமிடம்.
யாருக்குச் சொல்கிறேன் என்று தெரியாது.
யார் எதுவரை பார்த்தார்கள் என்பது மட்டும்
மறுநாள் பட்டை பட்டையாய்த் திரையில் கிடக்கும்.
முழுதும் பார்த்தவர் பச்சை.
பாதியில் போனவர் மஞ்சள்.

எண்பத்தொரு பேரில் ஒரு மஞ்சள்
வாரம் தவறாமல்
இருபத்திமூன்றாவது நிமிடத்தில் அறுந்து நின்றது.
ஓட்வார் ஸ்கார்வோய். பிறந்தது 1979.
புகைப்படம் இல்லை,
சாம்பல் வட்டத்துக்குள் ஓர் ஓ.

அப்படி என்ன சொல்லித் தொலைத்தேன் அங்கே?
ஓட்டிப் பார்த்தேன்.
காபிக் கடைக்கு வாடிக்கையாளர்கள் வருகிறார்கள்,
மணிக்குச் சராசரி ஆறு பேர்,
ஒருவர் வருவது இன்னொருவரைப் பாதிக்காது...
சூத்திரம் தலைகாட்டும் இடத்தில்
என் குரல் ஓடத் தொடங்குகிறது.
இடது கை காற்றில் மாவு பிசைகிறது.
இத்தனை வருடம் யாரும் சொல்லவில்லையே
இந்தக் கையைப் பற்றி.

மறுபடி பதிவு செய்தேன், கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு.
அறுந்தது.
அடுத்த வாரம் அந்த நிமிடத்தில் ஒரு நகைச்சுவை வைத்தேன்.
அறுந்தது.
அதற்கடுத்த வாரம், சொல்லவே கூச்சம்,
பாடத்துக்குச் சம்பந்தமே இல்லாமல்
ஒரு கடற்கழுகின் படம்.
கழுகையும் தாண்டவில்லை அவர்.

கடைசியில் எழுதிக் கேட்டுவிட்டேன்.
நள்ளிரவு கழித்துப் பதில் வந்தது:

"உங்கள் மேல் தப்பே இல்லை, மேடம்.
எனக்கு ஃபெரியில் வேலை.
இக்கரையிலிருந்து தீவுக்கு இருபத்திமூன்று நிமிடம்.
கரை தட்டினால் நான்தான் பலகையை இறக்க வேண்டும்.
மீதியைத் திரும்பி வரும்போது பார்த்துவிடுவேன்.
கழுகு நன்றாக இருந்தது."

மீதி பார்த்ததும் பதிவாகித்தான் இருந்தது,
அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில்.
நான் புரட்டியதே இல்லை.

கீழே இன்னும் கொஞ்சம் எழுதியிருந்தார்:

"ஒரு சந்தேகம்.
உங்கள் காபிக் கடையில் ஒருவர் வருவது
இன்னொருவரைப் பாதிக்காது என்கிறீர்கள்.
பதினோரு வருடமாக எங்கள் துறையில்
வண்டிகளை எண்ணி எழுதி வைத்திருக்கிறேன்,
சும்மா, பொழுது போகாமல்.
சாதாரணச் செவ்வாய்க்கிழமையில்
உங்கள் கணக்கு அச்சாகப் பொருந்துகிறது.
ஆனால் தீவில் ஒருவர் இறந்துபோனால்
எல்லா வண்டியும் ஒரே நடைக்கு வந்து நிற்கிறது.
ஒருவரும் முந்துவதில்லை.
பாதிப்பேர் கரையிலேயே நின்றுவிடுகிறார்கள்,
என்ஜினை அணைக்காமல்.
இதற்கும் ஏதாவது சூத்திரம் உண்டா?"

உண்டு.
மூன்றாம் ஆண்டில் வருகிறது, கொஞ்சம் முரட்டுக் கணக்கு.
ஒன்பது வருடமாக அந்தக் காபிக் கடையை நடத்துகிறேன்.
பச்சையாய் முடித்தவர் எத்தனையோ பேர்.
கடைக்கு வருகிறவர்கள்
ஒருவரையொருவர் அறிந்திருக்கலாமே என்று
ஒருவரும் கேட்டதில்லை.
நானும்தான்.

விளக்கைப் போட்டேன். காலை.
கடையை மூடிவிட்டுத் துறையிலிருந்து ஆரம்பித்தேன்:
பதினெட்டு வண்டி கொள்ளும் படகு, செவ்வாய்க்கிழமை, தூறல்.
சாவு வீட்டுக் கணக்கைத்
திரும்பி வரும் பயணத்துக்கு ஒதுக்கி
இரண்டாகப் பிரித்தேன் பாடத்தை.

முதல் பாதி இருபத்தியிரண்டு நிமிடம்.
அதற்குமேல் ஒரு நிமிடம்
கேமராவைப் பார்த்தபடி
ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன்,
கையைத் தொடையிலிருந்து எடுத்துவிட்டு.
அவர் என்னைக் காதிலிருந்து கழற்ற வேண்டும்,
பையில் போட வேண்டும்,
கையுறை மாட்ட வேண்டும்.