பேக்

மணிக்கு இருநூறு ரூபாய்.
வாரம் மூன்று நாள், ராமநாதபுரத்திலிருந்து
கீழக்கரை பஸ்ஸில் ஜன்னலோரம்.
திருப்புல்லாணி தாண்டியதும்
முகத்தில் ஏறும் உப்புப் பிசுபிசுப்பு
என் கணக்கில்.

முஃபீதாவுக்கு என்னைவிட நான்கு வயது கூட.
மிஸ் என்றுதான் கூப்பிடுவாள்.
ஜெய்லானி இருப்பது லெஸ்டரில்.
ஒன்பது வருடக் கல்யாணத்தில்
சேர்ந்திருந்த நாட்களைக் கூட்டினால் பதினான்கு மாதம்.
எண்கள் பாடத்தன்று அவளே கூட்டினாள்,
ஆங்கிலத்தில், பிழையில்லாமல்.

விசாவுக்கு ஒரு தேர்வு.
பேசிக் காட்ட வேண்டும்.

முதல் வாரம் முழுக்க உதடு.
பேக் என்றால் மூட்டை கட்டு.
பேக் என்றால் திரும்பி.
தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்று,
எட்டோடு நின்ற அவள் நோட்டிலும்
எம்.ஏ. முடித்த என் நோட்டிலும்.
பஸ் டிக்கெட்டை அவள் வாய்க்கு நேரே பிடித்தேன்.
மூட்டை கட்டும்போது தாள் துடிக்க வேண்டும்,
திரும்பும்போது துடிக்கக் கூடாது.
அவளுக்கு இரண்டுக்கும் துடித்தது.
ஃபேனை நிறுத்தினோம். அப்போதும்.
"காத்து மிஸ்.
இந்த ஊர்ல காத்த எந்த சுவிட்சுல நிறுத்துறது?"

பிடித்த ஒன்றைப் பற்றி இரண்டு நிமிடம் பேசு.
என் வீடு, என் குடும்பம் என்று
நான் எழுதி வைத்திருந்ததை மடித்து ஓரம் வைத்தாள்.
தொதல் என்றாள்.
தொதலுக்கு ஆங்கிலம் இல்லை.
"அப்ப தொதல்னே சொல்றேன்.
அவங்க கத்துக்கட்டும்."

அரிசிமாவு வந்தது, தேங்காய்ப்பால் வந்தது,
கருப்பட்டிக்குக் கொஞ்சம் திண்டாடினோம்.
ஸ்டிர் என்பது அவள் வாயில் இஸ்டர்.
நிறுத்தாமல் இஸ்டர். கை மாற்றி இஸ்டர்.
ஹவ் லாங், என்றேன், தேர்வாளர் மாதிரி.
டூ ஹவர்ஸ். த்ரீ ஹவர்ஸ். அன்டில்...
அன்டில்லோடு நின்றாள்.
எண்ணெய் பிரியும் வரைக்கும்.

செபரேட், என்றேன். எழுதிக்கொள்.

எழுதவில்லை.
விசா ஃபைலை எடுத்தாள், மூன்றாம் பக்கம்.
மேரீட், சிங்கிள், அடுத்த கட்டத்தில் அதே சொல்,
வாலில் ஓர் எழுத்து கூட.
"இதுவும் எண்ணெயா மிஸ்?"

இறந்தகால வினையெச்சம், பெயரெச்சம் என்று
ஏதாவது சொல்லியிருக்கலாம்.
எட்டு மாதத்துக்கு முன் ஒரு வங்கிப் படிவத்தில்
அந்தக் கட்டத்தில்தான் டிக் போட்டேன்.
பேனா எழுதவில்லை. இன்னொரு பேனா வாங்கிப் போட்டேன்.
ஆமாம், அதே சொல்தான், என்றேன்.

தெருவில் தண்ணீர் வண்டி ஹாரன்.
எழுந்து போனாள். நான்கு குடம்,
சில்லறைக்கு ஒரு சின்னச் சண்டை.
திரும்பி வந்து ஈரக் கையோடு உட்கார்ந்தாள்.
"எண்ணெய் பிரிஞ்சாத்தான் மிஸ்
தொதல் ஆச்சுன்னு அர்த்தம்.
பிரியலைன்னா இன்னும் வேகலை."

சமையலைத்தான் சொன்னாள்.
சமையலைத்தான் சொன்னாள் என்று
திருப்புல்லாணி வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.

தேர்வில் தொதலைக் கேட்கவில்லை.
மழையைக் கேட்டார்களாம்.
"நோ ரெய்ன்னு சொன்னேன். வி பை வாட்டர்னு சொன்னேன்.
அந்தம்மா எழுதுறத நிறுத்திட்டு என்னப் பாத்தாங்க."
பாஸ்.

கடைசி மாதச் சம்பளத்தோடு
ஓலைக் கொட்டானில் தொதல்.
கைப்பைக்குள் கசிந்து
சீப்பு, சாவி, டிக்கெட்டுகள் எல்லாவற்றிலும் எண்ணெய்.

நேற்று இரவு அவளிடமிருந்து ஒரு செய்தி,
ஒரே சொல், தமிழ் எழுத்தில்.

பேக்.

பெட்டி கட்டுகிறாளா,
போன பாஸ்போர்ட் அப்படியே திரும்பிவிட்டதா.
கேட்டு அனுப்பினேன். ஒற்றை டிக் விழுந்தது, அங்கேயே நிற்கிறது.
கைப்பையைத் துழாவி
அகப்பட்ட டிக்கெட்டை வாய்க்கு நேரே பிடித்து
இரண்டு விதமாகவும் சொல்லிப் பார்த்தேன்.

எண்ணெய் ஏறிய தாள்.
எதற்கும் துடிக்கவில்லை.