நாலு மணிச் சண்டை

நெலிடா வீட்டுக்கு
நூற்றுப் பதினெட்டுப் படிகள்.
வால்பராய்சோவில் எந்த மருந்துச் சீட்டும்
படிகளை எண்ணி எழுதப்படுவதில்லை.
செவ்வாய்தோறும் ஏறுகிறேன்.
பையில் ரத்த அழுத்தக் கருவி,
ஒரு வாரத்து மாத்திரைப் பெட்டி.
மூச்சு வாங்கும் இடங்களில்
யாரோ கவிழ்த்து வைத்த பெயிண்ட் டப்பாக்கள்.

அவள் தசைகள் சொல்பேச்சு கேட்பதில்லை.
காலையில் கேட்கும். மதியம் யோசிக்கும்.
சாயங்காலம் இமை தானாக இறங்கும்,
மலை ரயிலடியில் முப்பது வருடம்
டிக்கெட் கிழித்த கூண்டின் ஷட்டர் போல.
சோம்பல், என்றாள் நாத்தனார்.
சோம்பலில் யாரும்
ரொட்டியை விழுங்கப் பயப்படுவதில்லை.

ஆறு, பத்து, இரண்டு, மறுபடி ஆறு.
சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால்.
பச்சை மையில் நான் எழுதி
ஃபிரிட்ஜில் ஒட்டிய தாள்.
இரண்டு மணிக் கட்டம் மட்டும்
மூன்று வாரமாகப் பொய் சொல்கிறது.
மாத்திரை போகிறது, மூன்றரைக்கு.
அதுவரை சூப் ஆறி ஆடை கட்டுகிறது.

கேட்டேன்.
"நாலு மணிக்கு எவாரிஸ்டோ
குப்பையோட வருவான்" என்றாள்.

அவ்வளவுதான்.
கீழ்வீட்டுக்காரர். பதினோரு வருடத் தகராறு,
பை யார் படியில் கிடக்கலாம் என்று.
நாலு மணிக்கு இவள் நாக்கு குழறும்.
குழறும் நாக்கில் நியாயம் கேட்டால்
குடித்திருக்கிறாள் என்பார்.
"பசியைத் தாங்கிக்குவேன்.
தோத்துட்டு எப்படித் தூங்குறது?"

திட்டத்தான் வாயைத் திறந்தேன்.
பிறகு பேனாவைத் திறந்தேன்.

டாக்டர் மொராகாவிடம் போனில்
சண்டை என்று சொல்லவில்லை,
நாலு மணிக்கு முக்கிய வேலை என்றேன்.
நாள் முழுவதும் ஒருமணி நகர்ந்தது:
ஏழு, பதினொன்று, மூன்று, ஏழு.
சூப் பன்னிரண்டுக்குள், சூடாக.
குளியல் காலையில், ஸ்டூலில் உட்கார்ந்து.
துணி மடிப்பது புதனுக்குத் தள்ளுபடி.
ஒன்றரை முதல் படுக்கை,
தூக்கம் வராவிட்டாலும்.

அடுத்த செவ்வாய் வேண்டுமென்றே தாமதித்தேன்.
வாசற்படியில் பிளாஸ்டிக் நாற்காலி,
மடியில் கம்பளி,
குரல் துறைமுகம் வரை போனது.
எவாரிஸ்டோ ஒரு படி பின்வாங்கினார்.

பாதி வாக்கியத்தில் குரல் மூக்குக்குள் போனது.
மோவாயைக் கையால் தாங்கிக்கொண்டாள்.
அவர் போயிருக்கலாம்.
பையைக் கீழே வைத்தார்,
கண்ணாடியைச் சட்டையில் துடைத்தார்,
இரண்டு நிமிடம், மூன்று நிமிடம்,
கடலைப் பார்ப்பதுபோல் நின்றார்.
"ம்... அப்புறம்?" என்றார்.

அவர்களுக்கு நடுவே நான் இறங்கினேன்,
பையைத் தாண்டி.
அது அவள் படியில்தான் இருந்தது.