முதல் சனிக்கிழமை, பாலிக் புலாவ்

மூன்று ஏக்கர். பத்திரத்தில் ரப்பர்த் தோட்டம்.
நேரில், ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு
உச்சியில் மட்டும் பச்சை காட்டும் கம்பங்கள்.

சிவப்புச் சாய டப்பாவோடு வந்தேன்,
வெட்டவேண்டியதற்கெல்லாம் கோடு போட.
பதினோராவது மரத்தில் கை நின்றது:
எல்லாமே வெட்டவேண்டியவை போலிருந்தன,
எதுவுமே வேண்டாம் போலவும்.

சங்கிலி ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு
ஹாஷிம் சொன்னார்:
"நிற்கவேண்டியதற்குப் போடுங்கள். கணக்கு குறையும்."

மஞ்சள் சாயம் வாங்க மறுபடி கடைக்குப் போனோம்.

ஒரு மெர்பாவ். ஜாதிக்காய் இரண்டு.
யாரும் நடாமல் வந்த டுரியான் ஒன்று,
குரங்கு துப்பிய கொட்டையாக இருக்கலாம்.

முதலில் கொடிகளை அறுத்தோம், இடுப்பு உயரத்தில்.
அவை காய ஆறு மாதமாகும்.
அதற்குமுன் மரத்தைச் சாய்த்தால்
பக்கத்து மரத்தையும் கூட்டிக்கொண்டு விழும்.

கொடி ஏறாத ரப்பர் நாலு,
மாலைக்குள் விழுந்தன.
பால் இன்னும் இருந்தது.
கோப்பை இல்லாததால் என் சப்பாத்தில் வடிந்தது.

மேலே, பாய் அகலத்துக்கு வானம்.
ஹாஷிம் அண்ணாந்து பார்த்து ரம்பத்தை நிறுத்தினார்.
"இந்த வருஷத்துக்கு இந்த மூலை போதும்.
இவ்வளவு வெயில் மண்ணுக்குப் பழக்கமில்லை."

மீதியை நான் எண்ணவில்லை.
கணுக்காலில் அட்டை மூன்று;
அவற்றை எண்ணினேன்.