ஐந்து விநாடி

ஜனவரியில் சின்னத்தை மாற்றினார்கள்.
பழையது செம்மறிக் கடா, கொம்பு மட்டும் தெரியும்.
புதியது ஒரு நீல வட்டம்.
வட்டத்துக்கு கோபன்ஹேகனிலிருந்து ரசீது வந்தது.
தொகையைச் சொல்வதற்கு முன்
கணக்கர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

ஃபரோ தீவுகளில் நாங்கள் ஐம்பதாயிரம் பேர்.
செய்தி வாசிப்பவருக்குப் பல்வலி என்றால்
ஏழேகாலுக்குள் எல்லா வீட்டுக்கும் தெரிந்துவிடும்.
நான் பொத்தான் அழுத்துகிறவன்.
மீதி நாட்களில் மலைமேல், கோபுரத்தடியில்,
கம்பியில் முதுகு சொறியும் ஆடுகளை
விரட்டிக்கொண்டிருப்பேன்.

மார்ச்சில் ஆப்சலோன் எல்லாரையும் கூப்பிட்டார்.
அறிவிப்பாளர் இனி வேண்டாம்,
அடுத்து வருவதை எழுத்தில் ஓட்டிக்கொள்ளலாம் என்றார்.
ரன்வா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.
பத்தொன்பது வருடம்
"அடுத்து" "அடுத்து" என்று சொன்னவள்
அடுத்து என்ன என்று கேட்கவில்லை.

கடைசி இரவு.
வானிலை முடிந்தது, தெற்கே புயல், வழக்கம்போல.
இனிய இரவு என்றாள்
இடது புருவம் கொஞ்சம் ஏற.
நான் அணைக்க வேண்டும்.
அணைக்கவில்லை.
ஒன்று.
இரண்டு.
அவள் குனிந்தாள்.
மூன்று.
கடித்துக்கொண்டிருந்த காலணியைக் கழற்றி
மேசைமேல், புயலின்மேல், வைத்தாள்.
நான்கு.
"அப்பாடா" என்றாள்.
ஐந்து.

விரல் மரத்துவிட்டது என்று அறிக்கையில் எழுதினேன்.
ஆப்சலோன் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்,
அல்லது படித்துவிட்டு.

மறுநாள் ஒருவரும் வாய் திறக்கவில்லை.
எல்லாரும் பார்த்திருக்கிறார்கள் என்பதற்கு
அதைவிடச் சாட்சி வேண்டாம்.
கூட்டுறவுக் கடையில் பால் எடுக்கப் போனவளின்
முகத்தைப் பார்த்துப் பழகிய ஊர்
முதல்முறையாகப் பாதத்தைப் பார்த்தது.
காசு வாங்கிய பெண் மட்டும் மெதுவாக,
"இப்போது வலி இல்லையே?"

கோடையில் பெட்டிகள் வந்தன.
தபாலோடு, மீன்வலையோடு, ஹெலிகாப்டரில்.
பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காகப் போய்
பழைய அலையை அணைத்துக்கொண்டே வந்தேன்.
வடக்கே ஒன்பது வீட்டு ஊரில் மார்யுன் சண்டைக்கு வந்தாள்:
"முன்பெல்லாம் மூடுபனி இறங்கினால்
அமைச்சர் இரண்டாகத் தெரிவார்,
இரண்டு பேரும் ஒரே பொய்யைச் சொல்வார்கள்,
பார்க்க நன்றாக இருக்கும்.
இப்போது பனி இறங்கினால் ஆளே இல்லை."
புது முறையில் அப்படித்தான் என்றேன்.
இருந்தால் முழுசாக இருக்கும்,
இல்லையென்றால் கிடையாது.
நிழல், இரட்டை, கரகரப்பு,
காது மட்டும் தெரியும் பாட்டுக்காரன்,
அந்தப் பாதி வருகைகள் எல்லாம் முடிந்தன.
சொல்லும்போதே எனக்குப் பிடிக்கவில்லை.
அவள் பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள்.
"சூடாக இருக்கிறது" என்று
ஈரக் காலுறை இரண்டை அதன்மேல் போட்டாள்.

அக்டோபரில் கடைசிக் கோபுரம்.
சுவிட்சு சின்னது, சமையலறைச் சுவிட்சு அளவுதான்.
பரிசோதனைத் திரையில் எறும்புகள் நிறைந்து ஊர்ந்தன,
எங்கும் போகாமல், எங்கிருந்தும் வராமல்.
வெளியே ஆடுகளுக்கு ஒன்றும் மாறவில்லை.
அலுவலகத்தில் நீல வட்டக் கேக் வெட்டினார்கள்.
அன்று முழுக்க எல்லாருக்கும் நாக்கு நீலம்.

டிசம்பரில் சுத்ரோய் போகும் கப்பலில் இருந்தேன்.
அலை ஆளைத் தூக்கிப் போட்டது.
கூரை மூலையில் தொலைக்காட்சி,
அதில் சிக்னல் இல்லை என்ற இரண்டு சொல்.
அப்போது ஒலிபெருக்கி இருமியது.
உயிர்காப்பு உடைகள் இருக்கைக்கு அடியில் உள்ளன.
குரலைக் கேட்டதும்
சீட்டாடியவர்கள், வாந்திப்பை பிடித்திருந்தவர்கள்,
அத்தனை பேரும் அந்த வெற்றுத் திரையை அண்ணாந்து பார்த்தார்கள்,
ஒரு புருவத்துக்காக.

அறிவிப்பு முடிந்தது.
ஒலிபெருக்கி திறந்தே கிடந்தது,
எஞ்சின் இரைச்சலோடு, யாரோ மூச்சு விடும் சத்தத்தோடு.
நான் எண்ண ஆரம்பித்தேன்.
ஒன்று.
இரண்டு சொல்வதற்குள்
டக்கென்று அணைந்தது.
அணைத்த விரல் யாருடையது என்று எனக்குத் தெரியும்.